நிறைவுறா வேட்கையும் மருத்துவ வகைப்பாடும்

பாலியல் வேட்கை நிறைவேறாதிருத்தல் மனிதரை நோயாளராக்குமா? அல்லது அவ்வேட்கை இல்லாதிருத்தல்தான் நோயா? மேனாட்டு மருத்துவம் இவ்விரு வினாக்களுக்கும் எக்காலத்தும் ஒரே விடையைக் கூறியதில்லை. கிரேக்கர் காலம் தொடக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை முதலாவது வினாவுக்கு 'ஆம்' என்னும் விடையே பெருவழக்காயிருந்தது. இன்று வைத்தியர்கள் கையாளும் நோய் வகைப்பாட்டு நூல்களைப் புரட்டினால், நிறைவுறா வேட்கை என்றொரு நோய் அங்கே இல்லை. வேட்கைக் குறைவு என்றொரு நோயே உண்டு. தீராப் பசி நோயாகக் கருதப்பட்ட இடத்திலே பசியின்மை நோயாக அமர்ந்திருக்கின்றது. இத்தலைகீழ் மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, இன்றைய மருத்துவம் எதை எதிலிருந்து பிரித்துக் காண்கின்றது, அப்பிரிவினைகளுக்குப் பின்னால் நிற்கும் சமூக நலன்கள் யாவை என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம்.

ஹிப்போக்கிறேற்றசின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களிலே, பெண்ணின் கருப்பை ஆணுறவின்றி வரண்டு, உடலினுள் இடம்பெயர்ந்து, மூச்சுத் திணறலையும் வலிப்பையும் தோற்றுவிக்கும் என்ற கருத்துக் காணப்படுகின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், கருப்பை ஒரு விலங்கைப் போல அலைந்து திரியும் என்பதை ஏற்கவில்லை. ஆயின் கைம்பெண்களிடத்தே வெளியேறாது தங்கிவிடும் பெண் வித்து நஞ்சாகி நோய் விளைக்கும் என அவர் விளக்கினார். காரணம் மாறியதே தவிர மருந்து மாறவில்லை. மணம் முடித்தல், கருத்தரித்தல் என்பனவே அம்மருந்து. கிரேக்க மொழியிற் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ஹிஸ்ரீரியா என்னும் பெயர் பிற்காலத்திற் பிறந்தது.

1554 இல் ஜொகான்னஸ் லாங்கே என்ற ஜேர்மனிய மருத்துவர், வெளிறிய முகமும் களைப்பும் நெஞ்சுப் படபடப்பும் கொண்ட ஓர் இளம்பெண்ணின் தந்தைக்கு எழுதிய கடிதத்திலே, அவளது நோயைக் 'கன்னியர் நோய்' எனப் பெயரிட்டு, விரைவில் மணம் செய்து வைக்குமாறு விதித்தார். இதுவே பின்னர் குளோரோசிஸ் எனவும் 'பச்சை நோய்' எனவும் மருத்துவ நூல்களில் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. இந்நோயிற் பெரும்பகுதி இரும்புச் சத்துக் குறைவால் நேரும் இரத்தச் சோகையே என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் முடிபு. போதிய உணவின்றி வெளிறிய பெண்களுக்கு மாப்பிள்ளை தேடும்படி மருத்துவம் கூறிவந்திருக்கிறது என்பதைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இவ்விடத்திற் பசலை நினைவுக்கு வராமற் போகாது. திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. இதனைக் கொண்டு தமிழர் குளோரோசிசை முன்னரே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது வீண்வேலை; அகப்பாடல்களில் 'நோய்' என்பது காதல் துன்பத்துக்கு வழங்கும் சொல்லேயன்றி மருத்துவச் சொல்லன்று. ஆயினும் வெறியாட்டுப் பற்றிய பாடல்கள் வேறொரு வகையில் நமக்குப் பயன்படுகின்றன. மகளின் மெலிவைக் கண்ட தாய் அதனை முருகன் அணங்கியமையால் நேர்ந்ததெனக் கொண்டு வேலனை அழைக்கின்றாள். காரணம் தெய்வமன்று, மலைநாட்டுத் தலைவனே என்பதைத் தோழியும் தலைவியும் மட்டுமே அறிவர். நோய் நிர்ணயம் செய்யும் அதிகாரம் ஒருவரிடமும், துன்பத்தின் உண்மைக் காரணத்தை அறியும் வாய்ப்பு இன்னொருவரிடமும் பிரிந்து கிடக்கும் நிலை அங்கே தெளிவாகத் தெரிகின்றது. பின்வரும் வரலாறு முழுவதிலும் இப்பிரிவு தொடர்ந்து வருவதைக் காணலாம்.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வேட்கையின் மிகுதியும் நோயாயிற்று. 1771 இல் பியன்வில் என்ற மருத்துவர் பெண்களின் 'அடங்காக் காமம்' பற்றித் தனிநூல் எழுதினார். இலண்டன் மருத்துவரான ஐசாக் பேக்கர் பிரவுண், பெண்களின் நரம்பு நோய்களுக்குத் தற்புணர்ச்சியே காரணமெனக் கூறிப் பெண்குறிக் காம்பை வெட்டியகற்றும் சத்திரசிகிச்சையைச் செய்து, 1866 இல் அதனைப் பற்றி நூலும் வெளியிட்டார். மறு ஆண்டு இலண்டன் மகப்பேற்று மருத்துவர் சங்கம் அவரை வெளியேற்றியது. 1886 இல் கிராவ்ற்-எபிங் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் பாலுணர்வின் கோளாறுகளை இன்மை, மிகுதி, பொருந்தாப் பருவத்தில் தோன்றல், திரிபு என நான்காக வகுத்தது. வேட்கையின் அளவை அளந்து வகைப்படுத்தும் முயற்சி இவ்வாறு முறைமை பெற்றதெனலாம். எவ்வளவு இருந்தால் அது இயல்பு என்பதற்கு மட்டும் அளவுகோல் எதுவும் அவர் கையில் இருக்கவில்லை.

இங்கே ஒரு கதையை விலக்கிவைத்தல் நன்று. விக்ரோறிய காலத்து வைத்தியர்கள் ஹிஸ்ரீரியா நோயாளரை இயந்திர அதிர்வினால் உச்சநிலைக்குக் கொண்டுவந்து குணப்படுத்தினர் என்ற செய்தி, 1999 இல் றேச்சல் மெயின்ஸ் எழுதிய நூலின் வழியே பரவி, நாடகமாகவும் திரைப்படமாகவும் ஆயிற்று. 2018 இல் லீபர்மன், ஷாட்ஸ்பேர்க் ஆகிய இருவர் அந்நூலின் சான்றுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அவை அக்கூற்றைத் தாங்கவில்லை எனக் காட்டினர். சுவையான செய்தி என்பதனாலேயே அறிஞர் பலரும் ஆராயாது ஏற்றனர் போலும்.

நிறைவுறா வேட்கையே நோய்க்குக் காரணம் என்ற பழைய கொள்கைக்கு நவீன வடிவம் கொடுத்தவர் சிக்மண்ட் பிராய்ட். 1895 இல் எழுதிய கட்டுரையிலே 'பதகளிப்பு நரம்புநோய்' என ஒன்றைத் தனியே பிரித்து, கிளர்ந்தெழுந்து வடிகால் பெறாத பாலியல் எழுச்சியே பதகளிப்பாக உருமாறுகின்றது என அவர் வாதிட்டார். அவர் தந்த நோயாளர் வரிசையிலே கைம்பெண்களும், கருத்தரிப்பைத் தவிர்க்கவேண்டி இடையில் முறிக்கப்படும் புணர்ச்சியால் நிறைவுபெறாத மனைவியரும், விரும்பி ஒதுங்கிய ஆடவரும் இடம்பெற்றனர். பாதுகாப்பான கருத்தடை வசதிகள் அரிதாயிருந்த ஒரு சமுதாயத்தின் படுக்கையறைத் துன்பம் இங்கே பதிவாகியிருப்பதை மறுக்க முடியாது. 1908 இல் அவர் ஒருபடி மேற்சென்று, நாகரிகத்தின் பாலொழுக்க விதிகளே நரம்புநோய்களைப் பெருக்குகின்றன எனக் குற்றஞ்சாட்டினார். ஆயின் 1926 இல் தமது கொள்கையைத் தாமே திருத்திக்கொண்டார். ஒடுக்கப்பட்ட வேட்கை பதகளிப்பாக மாறுகிறது என்பதை விடுத்து, பதகளிப்பே ஒடுக்குதலைத் தூண்டுகின்றது என்றார். இன்றைய மருத்துவத்தில், பாலுறவின்மையால் மட்டும் தோன்றும் உடல்நோய் என ஒன்று நிறுவப்படவில்லை. வெளியேறாத விந்து உடலினாலேயே சிதைத்து உள்வாங்கப்படும். அன்றி உறக்கத்தில் வெளியேறும். கேலன் அஞ்சிய நஞ்சு எதுவும் அங்கில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆய்வின் மையம் ஐக்கிய அமெரிக்காவுக்கு நகர்ந்தது. மாஸ்ரர்சும் ஜோன்சனும் 1966 இல் வெளியிட்ட நூல், பாலியல் துலங்கலைக் கிளர்ச்சி, மேட்டுநிலை, உச்சநிலை, தணிவு என்னும் நான்கு கட்டங்களாக விவரித்தது. ஆய்வுகூடத்தில் உடலை அளந்து பெற்ற விவரணம் அது. அந்நான்கு கட்டங்களில் வேட்கைக்கு இடமில்லை. ஆய்வுகூடத்துக்குத் தாமே முன்வந்தவர்களிடம் வேட்கை இருக்கின்றதா என வினவத் தேவை எழவில்லை! சிகிச்சை நிலையங்களுக்கு வந்தோரிடமே அக்குறை வெளிப்பட்டது. உறுப்புகள் இயங்கின, உச்சநிலையும் கிட்டியது, ஆனால் விருப்பம் எழவில்லை எனப் பலர் முறையிட்டனர். 1977 இல் ஹரோல்ட் லீவ், ஹெலன் சிங்கர் கப்லன் ஆகிய இருவரும் தனித்தனியே இதனைச் சுட்டினர். வேட்கை, கிளர்ச்சி, உச்சநிலை என மூன்று கட்டங்களாகப் பகுக்கவேண்டும் என்பது கப்லனின் நிலைப்பாடு. நடைமுறையில் இப்பகுப்பின் பயன் பெரிது. ஆண்குறி விறைப்புறாமை கிளர்ச்சிக் கட்டத்தின் கோளாறு. விந்து முந்துதல் உச்சநிலைக் கட்டத்தின் கோளாறு. இவ்விரண்டிலும் வேட்கை குன்றாதிருக்கலாம். வேட்கை இருந்தும் நோவினாலோ யோனித் தசை இறுக்கத்தினாலோ புணர்ச்சி கைகூடாத பெண்ணின் நிலை மற்றுமொன்று. 'நாட்டமில்லை' என்று ஒரே சொல்லால் கணவனோ மாமியாரோ குறிப்பிடும் நிலைகள் உண்மையில் ஒன்றல்ல என்பதை மருத்துவம் அப்போதுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கைந்நூல் 1980 இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பிலே 'தடையுற்ற பாலியல் வேட்கை' என்ற தலைப்பைச் சேர்த்தது. தடை என்பது உளப்பகுப்பாய்வுக் கொள்கையைச் சார்ந்த சொல் என்பதால் 1987 இல் அது 'வேட்கைக் குறைவுக் கோளாறு' ஆயிற்று. பாலுறவை அஞ்சி அருவருக்கும் நிலை தனிக் கோளாறாகப் பிரிக்கப்பட்டது. 1994 இன் நான்காம் பதிப்பு, குறைவு மட்டும் போதாது, அது குறிப்பிடத்தக்க மனத்துயரை அல்லது உறவுச் சிக்கலை விளைக்க வேண்டும் என்ற நிபந்தனையை விதித்தது. 2013 இன் ஐந்தாம் பதிப்பில் மேலும் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. பெண்களுக்கு வேட்கைக் குறைவும் கிளர்ச்சிக் குறைவும் ஒரே கோளாறாக இணைக்கப்பட்டன. ஆண்களுக்கு அவை தனித்தனியே நின்றன. அருவருப்புக் கோளாறு நீக்கப்பட்டது. 'உறவுச் சிக்கல்' என்னும் சொற்களும் நீக்கப்பட்டு, துயர் அந்நபருக்கே உரியதாய் இருத்தல் வேண்டும் எனவும், அறிகுறிகள் ஏறத்தாழ 6 மாதங்களாவது நீடித்திருத்தல் வேண்டும் எனவும் வரையறுக்கப்பட்டது.

இம்மூன்றாவது மாற்றமே என் கருத்தில் மிக முக்கியமானது. 1994 இன் வாசகப்படி, தனக்கு எவ்விதக் கவலையுமில்லாத ஒரு மனைவி, கணவன் குறைகூறிச் சண்டையிடுகின்றான் என்பதனாலேயே நோயாளியாக முடியும். இருவரின் வேட்கை அளவுகள் வேறுபடும்போது குறைந்த அளவுடையவர் நோயாளியாகவும் மிகுந்த அளவுடையவர் முறைப்பாட்டாளராகவும் கொள்ளப்படும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது. இன்றைய கைந்நூலோ, துணைவரைவிடக் குறைந்த வேட்கை கொண்டிருத்தல் மட்டும் நோய் நிர்ணயத்துக்குப் போதாதென வெளிப்படையாகவே கூறுகின்றது. துணைவரின் வன்முறை போன்ற கடும் உறவுச் சீர்கேட்டினால் விளக்கப்படக்கூடிய நாட்டமின்மை கோளாறாகாது எனவும், தம்மை வாழ்நாள் முழுவதும் பால்நாட்டமற்றவர் என இனங்காண்போர்க்கு இந்நிர்ணயம் பொருந்தாது எனவும் அது விலக்களிக்கின்றது. அடிக்கும் கணவனை விரும்பாதிருத்தல் நோயன்று என்பதை ஒரு மருத்துவ நூல் எழுதிவைக்க இத்தனை காலம் சென்றிருக்கின்றது.

வைத்தியர் முன்னே இப்பிரிவினைகள் சில எளிய வினாக்களாக வடிவெடுக்கின்றன. இந்நிலை என்றும் இருந்ததா, இடையில் வந்ததா? எல்லாச் சூழலிலும் உள்ளதா, ஒருவரிடத்தில் மட்டுமா? இடையில் வந்து எங்கும் பரவியிருக்கும் குறைவு உடற்காரணங்களைத் தேடத் தூண்டும்: ஆண்களில் தெஸ்தெஸ்தரோன் குறைவு, கபச் சுரப்பிக் கட்டியினால் புரோலற்றின் ஓமோன் மிகுதல், தைரொயிட் சுரப்புக் குன்றல், மனச்சோர்வு, அம்மனச்சோர்வுக்கே கொடுக்கப்படும் மருந்துகள் முதலியன. கணவனிடத்து மட்டும் எழாத வேட்கைக்கு இரத்தப் பரிசோதனை விடை கூறாது. றோஸ்மேரி பாசன் என்ற கனேடிய மருத்துவர் 2000 இல் முன்வைத்த கருத்தும் இங்கே பயன் தருவது. நீண்டகால உறவிலுள்ள பெண்கள் பலரிடம் வேட்கை தானாக முன்னே எழாது, நெருக்கத்துக்கும் தூண்டலுக்கும் துலங்கலாகப் பின்னரே எழலாம் என்பது அது. வேட்கை முதலில், கிளர்ச்சி பின்னர் என்ற கப்லனின் ஒழுங்கு எல்லார்க்கும் பொதுவன்று என்றாகின்றது. எனினும் 'தொடங்கினால் விருப்பம் தானே வரும்' என வற்புறுத்துவோர்க்கு இக்கொள்கை ஆயுதமாகிவிடும் அபாயமும் உண்டு.

வரைவிலக்கணங்கள் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை, சந்தைக்கும் செல்கின்றன. 1998 இல் வயாகரா மாத்திரை ஆண்களுக்காக அனுமதிக்கப்பட்டது. 1999 இல் லோமன் முதலியோர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 59 வயது வரையான அமெரிக்கப் பெண்களில் 43 வீதத்தினர்க்கும் ஆண்களில் 31 வீதத்தினர்க்கும் பாலியற் செயற்பாட்டுக் குறைவு உண்டென்றது. கடந்த ஓராண்டினுள் சில மாதங்கள் நாட்டமற்றிருந்தீர்களா என்பது போன்ற வினாக்களுக்கு ஆம் என்றோர் யாவரும் இக்கணக்கில் அடங்கினர். அதனால் துயருற்றீர்களா என்று கேட்கப்படவில்லை. அவ்வினாவையும் சேர்த்து 2008 இல் ஷிவ்ரனும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, 31,000 க்கு மேற்பட்ட அமெரிக்கப் பெண்களில் 38.7 வீதத்தினர் வேட்கைக் குறைவைக் கூறியபோதும், அத்துடன் துயரையும் கூறியோர் 10 வீதத்தினரே எனக் கண்டது. ஒரேயொரு நிபந்தனை, நோயாளரின் தொகையை ஏறத்தாழ நான்கிலொன்றாக்கி விடுகின்றது. மருந்து முதலாளிகள் எந்தத் தொகையை விரும்புவர் என்பது சொல்லாமலே விளங்கும். பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் றே மொய்னிகன் 2003 இல் ஒரு நோய் உருவாக்கப்படும் கதையாக இதனை எழுதியதும், உளவியலாளர் லெனோர் ரீவர் பெண்களின் பாலியற் சிக்கல்களை வறுமை, வேலைக்களைப்பு, சமத்துவமின்மை என்பவற்றோடு சேர்த்து நோக்கவேண்டுமென 2000 இலிருந்து இயக்கம் நடத்தியதும் இப்பின்னணியிலேயாம்.

பிளிபன்செறின் என்ற மருந்தின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மனச்சோர்வுக்கென ஒரு ஜேர்மனிய நிறுவனம் ஆராய்ந்து அதில் பயன் காணாத மருந்து அது. பெண்களின் வேட்கைக் குறைவுக்கென மறுபடி முன்வைக்கப்பட்டு, 2010 இலும் 2013 இலும் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தால் மறுக்கப்பட்டது. மறுப்பு பெண்களுக்கு எதிரான பாரபட்சம் என்ற பிரசாரம் நிறுவனங்களின் பண உதவியோடு நடைபெற்றபின், 2015 ஆகத்தில் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கென அனுமதிக்கப்பட்டது. உடனேயே அதன் உரிமை நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் ஏறத்தாழ 100 கோடி டொலருக்கு வாங்கியது. நாள்தோறும் விழுங்கவேண்டிய இம்மாத்திரை, வெற்று மாத்திரையைவிட மாதத்துக்குச் சராசரி அரை முதல் ஒரு நிறைவான பாலுறவு நிகழ்ச்சியையே மிகுவித்தது. மதுவோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து மயக்கம் வரலாம் என்ற கடும் எச்சரிக்கையும் கூடவே வந்தது. இதில் ஒரு விநோதமும் உண்டு. பெண்களுக்கான 'வேட்கைக் குறைவுக் கோளாறு' என்ற பெயர் 2013 இலேயே உளமருத்துவக் கைந்நூலிலிருந்து மறைந்துவிட்டது. மருந்தோ அப்பெயரிலுள்ள நோய்க்கே அனுமதி பெற்றது. ஆயினும் வேட்கை இழப்பால் உண்மையிலேயே வருந்தும் பெண்களை நிறுவனங்களின் கற்பனை எனத் தள்ளிவிடுதல் நியாயமன்று. அப் 10 வீதத்தினரும் மனிதரே.

மிகுதியின் பக்கத்திலும் இதே தகராறு நிகழ்ந்தது. மிகைப்பாலியற் கோளாறு என்பதை ஐந்தாம் பதிப்பிற் சேர்க்கும் முன்மொழிவு ஏற்கப்படவில்லை. உலக சுகாதார தாபனத்தின் நாடுகள் 2019 இல் ஏற்று 2022 இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது சர்வதேச நோய் வகைப்பாடு, 'நிர்ப்பந்தப் பாலியல் நடத்தைக் கோளாறு' என ஒன்றை உள்ளுந்தலைக் கட்டுப்படுத்தவியலாக் கோளாறுகளின் கீழ்ச் சேர்த்துள்ளது. அங்கே அளக்கப்படுவது வேட்கையின் அளவன்று, கட்டுப்பாட்டின் இழப்பே. தனது இச்சைகள் ஒழுக்கக்கேடானவை என்ற எண்ணத்தால் மட்டும் எழும் துயர் இந்நிர்ணயத்துக்குப் போதாதென்றும் அது கூறுகின்றது. துயர் என்னும் அளவுகோலின் ஆபத்தை முன்னைய அனுபவம் காட்டியிருந்தது. தன்பாற் சேர்க்கை 1973 இல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பின்னரும், தன் நாட்டத்தையிட்டு வருந்தும் தன்பாலீர்ப்பினர் நோயாளர் என்ற விதி 1980 இன் பதிப்பில் நின்று 1987 இலேயே அகன்றது. சமூகம் ஊட்டிய வெட்கத்தை மருத்துவம் அவர்களுடைய நோயாக எழுதிக்கொண்டது.

நமது நாட்டுக்கும் இது அந்நியமன்று. விந்திழப்பால் உடல் தேய்கின்றதென அஞ்சி வைத்தியரை நாடும் இளைஞர் இலங்கையிலும் இந்தியாவிலும் பலர். 1960 இல் இந்திய உளமருத்துவர் விக் இதற்குத் தாது நோய் எனப் பொருள்படும் பெயரிட்டார். கணநாத் ஒபயசேகர இதனை ஆயுர்வேதக் கருத்துகளின் பின்னணியில் ஆராய்ந்தார். 1989 இல் பத்மால் டி சில்வாவும் திசாநாயக்காவும் இலங்கை நோயாளரைப் பற்றி ஆய்வு வெளியிட்டனர். கிரேக்கப் பெண் வித்து வெளியேறாமையால் நோயுற்றாள். நம் இளைஞன் வித்து வெளியேறியமையால் நோயுற்றதாக நம்புகின்றான். உடலில் குறையில்லை, துயரோ மெய். அத்துயரைத் தீர்ப்பது மாத்திரையிலும் பார்க்க விளக்கமேயாம். பத்திரிகைகளில் விளம்பரம் செய்வோர் விளக்கத்தை விற்பதில்லை.

இனி, வேட்கையும் உண்டு, உடலும் இயங்கும், ஆயின் துணையில்லை என்போரின் நிலை யாது? கைம்மை, உடல் ஊனம், முதுமை, வெளிநாட்டு வேலையாற் பிரிந்த தாம்பத்தியம் எனக் காரணங்கள் பல. இவர்களுக்கெனக் கைந்நூலில் இடமில்லை. 2001 இல் டொனெலியும் அவரது சக சமூகவியலாளரும் தாம் விரும்பாமலே பாலுறவின்றி வாழும் 82 பேரை ஆராய்ந்து, மணமாகியும் உறவற்றோர், முன்னர் உறவிருந்து இழந்தோர், என்றுமே உறவு வாய்க்காதோர் என வகுத்து, அதனை வாழ்க்கைப் படிநிலைகள் பிந்திப்போதலின் விளைவாக விளக்கினர், நோயாக அல்ல. பின்னர் அதே நிலையைக் குறிக்கும் சொல்லைப் பெண்வெறுப்புக் கூட்டங்கள் தமதாக்கிக்கொண்டன. 2014 இல் கலிபோர்னியாவிலும் 2018 இல் ரொறன்ரோவிலும் நிகழ்ந்த கொலைகளின் பின்னர் அச்சொல் வேறு பொருளிலேயே வழங்குகின்றது. தமக்குக் கிடைக்காதது தம்மிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது அவர்கள் வாதம்.

மருத்துவம் இந்நிலையை நோயெனக் கொள்ளாமைக்குத் தக்க நியாயம் உண்டு. நோயெனின் மருந்து வேண்டும். இங்கே மருந்தாகக் கூடியது இன்னொரு மனிதர். லாங்கேயின் கடிதமும் கேலனின் அறிவுரையும் அம்மனிதரின் சம்மதத்தைக் கேட்டதில்லை. மணம் செய்துவைத்தால் மனநோய் மாறும் என இன்றும் நம் ஊர்களில் நடக்கும் திருமணங்களில், நோயாளியின் பொருட்டு மருந்தாக்கப்படும் பெண்ணின் கதை எந்த வைத்தியக் குறிப்பிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் நோயன்று என்று கூறிக் கைகழுவிவிடலும் ஆகாது. அவ்வாறு வருவோரிடம் மனச்சோர்வு உண்டா, பதகளிப்பு உண்டா எனத் தேடி அதற்குச் சிகிச்சை அளிக்கலாம். அவர்தம் வேட்கை இழிவன்று என்றும், தற்புணர்ச்சியால் தீங்கில்லை என்றும் தெளிவுபடுத்தலாம். எஞ்சுவன வைத்தியரின் கைக்கு அப்பாற்பட்டவை: கைம்பெண் மறுமணத்துக்கு உறவினர் இடும் தடை, ஊனமுற்றோர்க்குத் துணை எதற்கு என்னும் எண்ணம், கணவனும் மனைவியுமான முதியோரைத் தனித்தனி விடுதிகளிற் படுக்கவைக்கும் இல்ல விதிகள் ஆகியன.